கணக்குக் கொப்பி

"அவ என்ன சாப்பிட்டவ,
எத்தினை மணித்தியாலம் நித்திரை கொண்டவ,
எழுதி வையுங்கோ" என்றார் மிஸ்.
என்னிடம் இருந்தது ஒரு கொப்பிதான்.
மண்ணெண்ணெய், ஐஸ், அறுந்த வலைக்கு நூல்,
சம்மாட்டிக்குக் கொடுக்கவேண்டிய மிச்சம்
எல்லாம் இடப் பக்கத்தில்.
வலப் பக்கம் வெறுமையாய்க் கிடந்தது.
அங்கே கொன்சலாவை எழுதத் தொடங்கினேன்.

செவ்வாய்.
பால்சுறா முக்கால் கிலோ, விற்காமல் வீட்டுக்கு.
சுடுதண்ணீர் ஊற்றி மணல்போன்ற தோலைச் சுரண்டி
அவித்து, முள் எடுத்து, உதிர்த்து,
உள்ளி மிளகு முருங்கையிலையோடு வறுத்தேன்.
பாசையூரில் ஆம்பிளை சுறா வறுப்பதைப் பார்க்க
பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் எட்டினாள்.
கொன்சலா இரண்டு வாய்.
பால் வந்தது, பிள்ளை குடித்தது.
முழுவதும் சாப்பிட்டவள் மாதிரி
கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

இந்தக் கொப்பியை வயிற்றோடிருந்தபோதே
தொடங்கியிருக்க வேண்டும்.
கிளினிக்கில் கொடுத்த திரிபோஷாவை
தேங்காய்ப்பூ போட்டு உருண்டை பிடித்து
மூத்தவனுக்கு இரண்டு, எனக்கு மூன்று.
தேத்தண்ணீரோடு நல்லாயிருந்தது.
அவளுடைய அட்டையில்
இரத்தத்தின் அளவைச் சுற்றிச்
சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தார்கள்.
வட்டத்தைப் பார்த்தேன்.
கடலுக்குப் போனேன்.

புதன்.
விடிய வந்து இறங்க மூத்தவன் சொன்னான்:
"அம்மா ராவு கிணத்தடியிலை நிண்டவ."
வாளி?
"வாளி கொண்டு போகேல்லை."

அன்றைக்கு இடப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

மிஸ் ஹெல்மெட் கழற்றாமலே உள்ளே வந்தார்.
பிள்ளையை என் மடியில் தந்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.
பலகைக் கதவு, எல்லாம் கேட்கும்.
நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு கொன்சலா:
"பிள்ளை அழேக்கை எனக்கு ஒண்டுமே வருகுதில்லை மிஸ்.
பால் மட்டும் வருகுது."

நான் பிள்ளையின் குதிக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
என் கட்டைவிரல் அளவு.

வியாழன். போதனா வைத்தியசாலை.
டொக்டர் குளிசை எழுதினார், பால் கொடுக்கலாம் என்றார்,
தனியே விடவேண்டாம் என்றார்.
"அந்தோனியாருக்கு நேர்த்தி வை" என்றாள் அக்கா.
நேர்த்தியும் வைத்தேன். குளிசையும் வாங்கினேன்.
இரவுக் கடலை விட்டேன்.
பகலில் ஐஸ் கட்டி உடைக்கிற கூலி.
இரண்டு மணிக்குப் பிள்ளை எழும்பினால்
பிழிந்து வைத்த பாலைச் சின்னக் கப்பால் பருக்குவேன்,
பாதி என் சாரத்தில்.

வெள்ளி: இடியப்பம் ஒன்று, சொதி. நித்திரை மூன்று.
சனி: ஒன்றுமில்லை. சுவர்.
ஞாயிறு: பூசைக்கு வரவில்லை. முட்டை ஒன்று.
திங்கள்: முட்டை. என்னோடு கோபம். எதற்கென்று தெரியாது.
பிறகு வரும் தாள்கள் ஈரம் பட்டு ஒட்டிவிட்டன.
பிரித்தால் கிழியும்.

முந்தநாள் அவளாகக் கேட்டாள்:
"செத்தல் இடிச்ச சம்பல் இருக்கோ?"
ஒரு மாதமாய்ச் சரக்குக் கறி தின்ற வாய்.
"பிள்ளைக்கு வயித்தாலை போகும்,
பத்தியத்தை முறிக்காதை" என்று அக்கா கத்தினாள்.
போனில் மிஸ், "கொஞ்சம் சாப்பிடட்டும்.
ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறா எல்லோ" என்றார்.
உரலில் இடித்தேன். கண் எரிந்தது.
எலுமிச்சம்புளி கூடிவிட்டது.

இடியப்பம் மூன்று என்று எழுதிவிட்டுப்
பேனையை வைத்துப் பிள்ளையைத் தூக்கப் போனேன்.
திரும்பி வந்தால் கொப்பி அவள் கையில்.
மூன்றை வெட்டி நாலு போட்டிருந்தாள்.
இடப் பக்கத்தை விரலால் கீழ்நோக்கித் தடவிக்கொண்டு வந்து
ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"ஐஸ் காசு கூட்டினது பிழை.
நூற்றைம்பது கூட எழுதி வைச்சிருக்கிறியள்."